தண்டத்துக்குப் பயந்து தேயிலைக்குள் ஒளிய வேண்டாம்

தண்டம் விதித்தால் காசுள்ளவன் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான். இல்லாதவன் அதே குற்றத்துக்குச் சிறைக்குப் போகிறான். இதற்குப் பெயர் நீதியா? 2024 இல் நிர்ணயித்த நமது அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. பத்தாயிரம் தண்டம் என்றால் அந்தச் சம்பளத்தில் ஏழு நாளுக்கு மேல் கொழுந்து. அத்தனை நாளும் லயத்தில் அடுப்பெரிய வேண்டாமா?

ஆனால் சட்டம் தருவதையும் நாம் கேட்பதில்லை. தண்டத்தைத் தவணையாகக் கட்ட நீதவான் அனுமதிக்கலாம். சிறைக்குப் பதிலாகச் சமூகவேலை செய்ய 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. சிங்களம் விளங்காவிட்டால் மொழிபெயர்ப்புக் கேட்பது உரிமை. தண்டம் விதித்த அன்றே, கூண்டில் நின்றே கேளுங்கள். அங்கே தலையாட்டிவிட்டு வந்து, பிடியாணையோடு பொலிஸ் வந்ததும் மலைக்குள் ஓடினால் தண்டம் குறையாது.

"வாரண்டைச் சரிக்கட்டுகிறேன்" என்று வருபவனுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நீதிமன்றப் பற்றுச்சீட்டு இல்லாத காசு தண்டத்தில் சேராது. நுண்கடன் கம்பனிக்காரன் 'வாரண்டு' என்று மிரட்டினால் காட்டச் சொல்லுங்கள். நீதிமன்றக் கட்டளையில்லாமல் அவன் உங்கள் டீவியைத் தூக்க முடியாது. பிடியாணை மெய்யென்றால் தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு நீங்களே நீதிமன்றத்துக்குப் போங்கள். சந்தா வாங்கும் தலைவர்மார் வேறெதற்கு இருக்கிறார்கள்?