மஞ்சள் கோடும் மரிக்கொழுந்துப் பாசியும்

விளம்பரத் தட்டிகளைப் பற்றி இந்தப் பத்தியில் போதுமான அளவு புலம்பியாயிற்று. இந்த வாரம் ஒரகடம் கூட்டுரோட்டில் இன்னொன்று. ஆயுத பூஜை விடுமுறைக்கு அந்தமான், கரையிலிருந்தே இறங்கி ஸ்நார்க்கெல்லிங், 'நீச்சல் தெரியத் தேவையில்லை'. படத்தில் முகமூடியும் மூச்சுக்குழாயுமாக ஓர் இளைஞர், இடுப்பளவு நீரில் நின்று கட்டைவிரலை உயர்த்துகிறார். அவர் எதன்மேல் நிற்கிறார்? தட்டியை உற்றுப் பாருங்கள்: பழுப்பு நிறத்தில், மூளை மடிப்புபோல் ஒரு பாறை. அது கல் அல்ல, பவளம். மேலே படர்ந்திருக்கும் மெல்லிய தோல் முழுக்க உயிர். இந்த உருண்டை வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

அதன்மேல் ஏன் கால் வைக்கக் கூடாது என்பதை ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. இங்குள்ள கார் ஆலைகளில் அமைச்சரே வந்தாலும் சேஃப்டி ஷூ மாட்டாமல் லைன் பக்கம் போக முடியாது. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ரோபோ, இந்தப் பக்கம் நீங்கள். கம்பியையும் தகரத்தையும் ஒட்டும் இடத்துக்கே இவ்வளவு மரியாதை. பவளத்துக்கும் அதே மரியாதை தரும் இடம் உண்டு. ஹவாயின் ஹனவுமா விரிகுடாவில் 2002 முதல், பாதுகாப்புப் படம் பார்த்துவிட்டுத்தான் கடற்கரைக்கே இறங்க முடியும்: பவளத்தை மிதிக்காதே, மீனுக்குத் தீனி போடாதே. ஆலையில் முதல்நாள் தரும் பாடம்தான், இடம் மட்டும் வேறு. ஆனால் நமக்கு ஹவாய் வரை போகத் தேவையில்லை.

பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் மூச்சுக்குழாய் இல்லாமலே மூழ்குகிறார்கள். கண்ணில் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, அவ்வளவுதான் கருவி. எடுப்பது மரிக்கொழுந்துப் பாசி. ரம்ஜான் மாதத்தில் நாம் துண்டு போட்டுச் சாப்பிடும் கடல்பாசிக்கு வேண்டிய அகர், இந்தப் பாசியிலிருந்தும் கிடைக்கிறது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதற்கு முன்பிருந்தே அங்கே பாசி எடுத்தவர்கள் ஒரே அறிவிப்பில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். அவர்கள் செய்தது என்ன? தாங்களே கூடி, மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது என்று முடிவெடுத்தார்கள். பாசி மீண்டும் தழைக்க ஏப்ரல் – ஜூனில் 45 நாள் ஓய்வு. பவளத்தைப் பெயர்க்கும் இரும்புச் சுரண்டியை விட்டுக் கையால் பறிப்பது. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சூழல் காப்புக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது இதற்காகத்தான். இந்தக் கோட்டைப் போட வெளியிலிருந்து யாரும் வரவில்லை. அன்றாடக் கூலியை விட்டுக்கொடுத்து அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

சுற்றுலாப் பயணிக்கும் இப்படி ஒரு கோடு வேண்டும் என்றால் மறுப்புகள் வரும், தெரியும். பவளத்தை வெளுக்கவைப்பது கடல் சூடு, 2016இல் பார்த்தோமே, பாவம் ஒரு சுற்றுலாப் பயணியின் கால் என்ன செய்துவிடும் என்பார்கள். உண்மைதான், சூட்டை ஒரகடத்திலிருந்து தணிக்க முடியாது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவன் மார்பில் ஏறி நிற்பதற்கு அது சமாதானம் ஆகுமா? வருடம் முழுக்க ஷிப்டில் நின்றவன் நாலு நாள் கடல் பார்க்கக் கூடாதா என்றும் கேட்பார்கள். கண்டிப்பாகப் பார்க்கட்டும். மிதக்கத் தெரிந்தவனுக்குத்தான் மீன் தெரியும்; தெரியாதவன் பயத்தில் காலைத் தேடுவான், கால் பாறையைத் தேடும். அதனால்தான் 'நீச்சல் தேவையில்லை' என்ற வரி சலுகை அல்ல, மோசடி. இரண்டு மாதம் நீச்சல் பழகிவிட்டுப் போகிறவர், போட்ட காசுக்கு மும்மடங்கு பார்த்துவிட்டு வருவார்.

தட்டியில் தொலைபேசி எண் இருக்கிறது. முன்பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தண்ணீரில் இறங்குமுன் எங்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?