காலியாக விடப்பட்ட எண்கள்

நம்மிடம் முன்பு பயின்று, இன்று மென்பொருள் துறையில் பணிபுரியும் மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். நரம்பு வழியே மருந்து செலுத்தும் கருவியின் மென்பொருள் ஆவணங்கள் அவர் பொறுப்பில் உள்ளன. 'மருந்து தீர்ந்ததும் மணி ஒலிக்க வேண்டும்' என்பது போன்ற ஒவ்வொரு தேவைக்கும் ஆவணத்தில் ஓர் அடையாளம் உண்டு: தேவை-1, தேவை-2 என. வடிவமைப்புக் குறிப்பும் நிரலும் சோதனை அறிக்கையும் அந்த அடையாளத்தைக் கொண்டே தேவையைச் சுட்டுகின்றன.

வரிசை சீராக இல்லை என்று கருதிய நிர்வாகம், நூற்றுக்கணக்கான அடையாளங்களை ஒரே வீச்சில் மாற்றச் சொல்லியிருக்கிறது. 'தேவை-1' என்பதைத் தேடி மாற்றிய கட்டளை, 'தேவை-10', 'தேவை-100' ஆகியவற்றின் முற்பகுதியையும் சேர்த்தே மாற்றிவிட்டது. அதையாவது திருத்திவிடலாம். நீக்கப்பட்ட தேவைகளின் எண்களைப் புதிய தேவைகளுக்கு வழங்கியதுதான் பெரும்பிழை. கையொப்பமிடப்பட்ட பழைய அறிக்கை 'தேவை-40 தேறியது' என்கிறது. எந்த 40? மணி ஒலிப்பதா, திரையின் நிறமா? அறிக்கை பொய் சொல்லவில்லை, படிப்பவர்தாம் ஏமாறுவார். சோதிக்கப்படாத மணி, சோதிக்கப்பட்டதாகவே எண்ணப்படும்.

இதில் தமிழ் படித்தோர் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் 269ஐ 267 ஆக்கி அந்த இடைவெளியை எவரும் மூடிவிடவில்லை. மூடியிருந்தால் பொன்முடியாரின் 312ஆம் பாட்டு 310 ஆகியிருக்கும். இன்றுள்ள 310உம் அவருடையதே என்பதால், பழைய உரைகளிலும் ஆய்வேடுகளிலும் உள்ள மேற்கோள்கள் எந்தப் பாட்டைக் குறிக்கின்றன என்று தெரியாமல் திகைத்திருப்போம். பதிற்றுப்பத்தின் முதற்பத்து கிடைக்காத போதும், நாம் படிக்கத் தொடங்குவது இரண்டாம் பத்து என்றே வழங்குகிறது. இழப்பையும் எண் நினைவில் வைத்திருக்கிறது.

பிழையான பெயரையும் சுமந்துகொண்டே இருக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. ஒருங்குறியில் நம் ஆய்த எழுத்துக்கு இடப்பட்ட பெயர் 'தமிழ் விசர்க்கக் குறி' என்பது. தமிழறிந்தார் எவரும் இதை ஏற்கமாட்டார். எனினும் ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் கொள்கை. எனவே பெயரை விட்டுவிட்டு, அருகே 'ஆய்தம்' என்று குறித்திருக்கிறார்கள். நமக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெயரை நம்பி எழுதப்பட்ட எந்த நிரலும் அதனால் வழிதவறுவதில்லை.

நம் கருத்து இதுதான். தேவையின் தலைப்பையும் விளக்கத்தையும் எத்தனை முறை வேண்டுமாயினும் திருத்துங்கள். வரிசை வேண்டுமாயின் பார்வைக்கு மட்டும் வரிசைப்படுத்துங்கள். அடையாள எண்ணைத் தொடாதீர்கள். நீக்கியதன் எண்ணைப் பிறிதொன்றுக்குத் தராதீர்கள். ஐபிஎம் நிறுவனத்தின் டோர்ஸ் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு கூறுக்கும் மாறாத எண் ஒன்றைத் தருவது இதற்காகவே. மாற்றியே தீரவேண்டிய நிலை வந்தால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் அட்டவணையை ஆவணத்தோடு நிரந்தரமாக வையுங்கள்.

காலியாக நிற்கும் எண் அழகுக் குறைவன்று. அங்கே ஒன்று இருந்தது என்பதற்கு அதுவே சான்று.