குழிக்குக் கணக்கு எங்கே?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் சபைத் தீர்மானங்கள் அவை. குடத்தில் ஓலையிட்டு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையைப் பற்றிப் பெருமை பேசும் நாம், அந்தத் தீர்மானங்களில் உள்ள ஒரு விதியை அதிகம் பேசுவதில்லை. வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று நிலத்தையும் நீரையும் காத்த ஊர் இப்படித்தான் சட்டம் வைத்தது.

அதே விதியைச் சுரங்கங்களுக்கும் வைக்க வேண்டும். தோண்டிய நிலத்துக்குக் கணக்குக் காட்டும்வரை யாருக்கும் புதிய நிலம் ஒரு சென்ட்கூடத் தரக் கூடாது.

நெய்வேலியையே பாருங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு முதல் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். முந்திரியும் பலாவும் மணிலாவும் விளைந்த செம்மண் மேட்டில் அன்று தொடங்கிய குழி, பின்னர் பரவனாற்றுப் பக்கத்து நெல் வயல்கள்வரை வந்துவிட்டது.

ஒரு டன் கரி எடுக்க, அதன் மேலிருக்கும் மண்ணையும் மணற்கல்லையும் ஐந்து மடங்குக்கு மேல் அகற்ற வேண்டியிருக்கிறது. கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது; அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். இத்தனை பெரிய வேலையில் முதலில் பலியாவது மேல்மண். தலைமுறை தலைமுறையாகத் தொழு உரமும் தழையும் போட்டு வளர்த்த அந்த ஒரு முழ மண்ணைத் தனியே எடுத்து வைக்காவிட்டால், அடிமண்ணோடு கலந்து மறைந்துபோகும். பிறகு எத்தனை மரம் நட்டாலும் அது பழைய வயல் ஆகாது.

கரி எடுத்த குழியை நிரப்பி நிறுவனம் மரம் வளர்த்திருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பயிரும் செய்து பார்த்திருக்கிறது. அதை மனதார வரவேற்கிறோம். பயிர் செய்ய முடியும் என்றால், நிலம் கொடுத்தவர்களுக்கு அது எப்போது திரும்பும்? 2023 ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காகப் பச்சை நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். வளர்ந்த பயிரை எந்திரம் மிதிப்பதைப் பார்த்த மனம் எந்தத் தொகையாலும் ஆறாது.

ஜெர்மனியின் ரைன்லாந்து பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் வளமான மண்ணைத் தனியே எடுத்து, நிரப்பிய குழியின்மேல் மறுபடி பரப்புகிறார்கள். சில ஆண்டுகள் குதிரை மசால் போன்ற பயிர்களை வளர்த்து மண்ணைத் தேற்றிய பிறகே உழவர்களிடம் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்தை மீட்பதற்கான பிணைத்தொகையைக் கட்டிய பிறகே தோண்ட முடியும். இங்கும் சுரங்க மூடலுக்கு வைப்புத்தொகை கட்டும் முறை 2009 முதல் இருக்கிறது. அதோடு நிலம் திரும்பும் தேதியும் பெறுபவரின் பெயரும் உரிமத்திலேயே எழுதப்பட வேண்டும்.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பம்புசெட்டுகளும் அந்த மின்சாரத்தில் ஓடியவைதான். அதனாலேயே நெய்வேலி உழவருக்காகப் பேசும் கடமை நமக்கு இருக்கிறது.

நம் உத்திரமேரூர் வட்டத்துக் கதையும் வேறில்லை. 2021 பிப்ரவரியில் மதூர் கல்குவாரி சரிந்து உயிர்ப்பலி வாங்கியது. கல்வெட்டுக் காலத்தில் குழி என்பது நில அளவை. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஆடு மேய்க்கும் பிள்ளை தவறி விழுந்துவிடுமோ என்ற பயம்தான் வருகிறது. கல் லாரியில் ஏறிப் போய்விடுவதால் குவாரியை நிரப்ப மண்ணும் மிஞ்சுவதில்லை. ஆகவே வேலி, பக்கச் சரிவைப் படிப்படியாக வெட்டுதல், தேங்கும் நீரை ஏரியோடு சேர்க்க முடியுமா என்ற ஆய்வு ஆகியவை குத்தகை எடுத்தவர் செலவிலேயே நடக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் அடுத்த குவாரி ஏலத்தை அறிவிக்கும் முன், குத்தகை முடிந்த ஒவ்வொரு குழியின் புல எண், ஆழம், வேலியின் நிலை, குத்தகைதாரர் பெயர் ஆகியவற்றை அந்தந்த ஊர்க் கிராமசபையில் படிக்கச் சொல்ல வேண்டும். கணக்கு முடியாத பெயர்களை ஏலப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.