வாடகைக் காருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, ஓட்டுகிறவருக்கு?

பொங்கல், தீபாவளி வந்துவிட்டால், தானே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்களுக்கு ஏகக் கிராக்கி. டிரைவர் இல்லை, பேட்டா இல்லை, குடும்பத்துடன் இஷ்டம்போல் போகலாம், வரலாம். "இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்கிறார் வண்டி கொடுப்பவர். எடுப்பவரும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

இன்ஷூரன்ஸ் இருப்பது உண்மைதான். அது யாரைக் காப்பாற்றுகிறது என்பதுதான் கேள்வி.

மோட்டார் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்ற விதி, 1939-ம் ஆண்டு மோட்டார் சட்டத்தில் எழுதப்பட்டு, 1946-ல் அமலுக்கு வந்தது. இப்போதுள்ள 1988-ம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. இந்தக் கட்டாயம் யாருக்காக? ரோட்டில் நடந்து போகிறவருக்காக. சைக்கிளில் போகிறவருக்காக. கார் மோதி அவர் இறந்தால், அவர் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக்கூடாது. காரை வாடகைக்கு எடுத்தவருடைய பணப்பையைக் காப்பது அந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல.

நொறுங்கிய காரை ரிப்பேர் செய்யும் செலவு வேறு விஷயம். அதற்குத் தனிப் பிரீமியம் கட்டவேண்டும். கட்டியிருந்தாலும் முழுப் பணம் வராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குச் சாதாரணப் பாலிசியில் பாதி விலைதான். மீதியை யார் கொடுப்பது? வாடகைக்கு எடுத்தவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டாரே, அந்த ஒப்பந்தத்தில் பதில் இருக்கிறது! கார் ஒர்க் ஷாப்பில் கிடக்கும் நாட்களுக்கும் வாடகை கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு.

வெள்ளைப் பலகை

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

தானே ஓட்டும் வாடகைக் காருக்கு, பெட்ரோல், டீசல் வண்டியானால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் நம்பர் இருக்கவேண்டும். சொந்தக் காருக்கு வெள்ளைப் பலகை. ஆனால், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று, வெள்ளைப் பலகைக் கார்களும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாடகையும் மலிவு.

அந்தக் காரின் பாலிசியில் ஒரு வரி இருக்கும்: கூலிக்கோ வாடகைக்கோ உபயோகிக்கக் கூடாது!

விபத்து நடந்ததும் கம்பெனி ஆள் வருகிறார். ஓட்டியவர் யார்? சொந்தக்காரருக்கு என்ன உறவு? பணம் ஏதாவது கொடுத்தாரா? செல்போனில் அனுப்பிய வாடகையே சாட்சியாகிவிடுகிறது. காரின் சேதத்துக்குக் காசு தர முடியாது என்று கம்பெனி கை விரிக்கலாம். "சிநேகிதர் வண்டி, இரவல் வாங்கினேன் என்று சொல்லிவிடுங்கள்" என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். நஷ்டத்தோடு மோசடி வழக்கும் சேரவேண்டுமானால் அப்படிச் சொல்லலாம்.

அடிபட்டவரின் நஷ்ட ஈடு என்ன ஆகும்? பாலிசி நிபந்தனை மீறப்பட்டாலும், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்று கோர்ட்டுகள் உத்தரவிடுவது உண்டு. லைசென்ஸ் சம்பந்தமான வழக்கில் 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்த வழியைக் காட்டியது. சொந்தக்காரர் அந்தப் பணத்துக்கு யாரைத் தேடிப் போவார்? ஓட்டியவரைத்தான்.

ஓட்டியவரே இறந்துவிட்டால்? பாலிசியில் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு என்று போட்டிருக்கும். 2018-ல் உயர்த்தப்பட்ட தொகை அது. ஆனால் அது ஆர்.சி.யில் பெயர் உள்ள சொந்தக்காரருக்கு. இரவல் வண்டியை ஓட்டி இறந்தவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்கிறார், 'மூன்றாம் நபர்' ஆகமாட்டார் என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. வாடகைக்கு எடுத்து ஓட்டி, தன் தவறாலேயே இறந்தவரின் மனைவி மக்கள் அந்தக் காரின் பாலிசியை நம்பியிருக்க முடியாது. அவர் தன் பெயரில் தனியாக விபத்துப் பாலிசி எடுத்திருந்தால்தான் உண்டு.

குடித்துவிட்டு ஓட்டினாலும், லைசென்ஸ் இல்லாத மைத்துனரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தாலும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் பலர் ஏமாறுவது வேறு இடத்தில். தண்ணீரில் நின்றுபோன காரை, போய்விடலாம் என்று மறுபடி ஸ்டார்ட் செய்கிறார்கள். என்ஜின் போய்விடுகிறது. என்ஜினுக்கென்று தனிக் காப்பு எடுக்காத பாலிசியில் அதற்குப் பணம் கிடைப்பது அரிது.

சாவி கொடுக்கும்போதே பாலிசி நகலையும் கொடுக்கவேண்டும் என்று சர்க்கார் கட்டாயப்படுத்தலாம். எது கிடைக்கும், எது கிடைக்காது, எடுப்பவர் பொறுப்பு எத்தனை ரூபாய் என்று தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? டிபாசிட் தொகையை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே!

அதுவரையில், நகலைக் கேட்டு வாங்குங்கள். 'உபயோக வரம்பு' என்ற இடத்தில் வாடகை அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, பாலிசியின் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். பழைய கீறல்களையும் நெளிவுகளையும், வண்டிக்காரர் எதிரிலேயே நாலு பக்கமும் போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.