கண் கொடுத்த புண்ணியவான்கள்

வானொலி ஹாஸ்ய நாடகம் பார்வையில்லாத கலை என்றும், அதற்குக் கண் கொடுத்துப் பூரணமாக்கியது தொலைக்காட்சியே என்றும், பழைய வானொலித் தொடர்களைத் திரைக்குக் கொண்டுவருவதைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு சஞ்சிகையில் வெளியான கட்டுரை சற்றும் சங்கோசமில்லாமல் தீர்ப்பளித்திருக்கிறது. அதன் மற்ற அபிப்பிராயங்களோடு நமக்குச் சண்டையில்லை. சிலவற்றில் உடன்பாடுகூட உண்டு. ‘கண் கொடுத்தது’ என்ற அந்த ஒரு பிரயோகந்தான் இரண்டு வாரமாக நம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

காவியங்களைக் காண்பதான திருசியம் என்றும் கேட்பதான சிரவியம் என்றும் பிரித்துவைத்த ஆலங்காரிகர்கள், பின்னதை முன்னதன் அரைகுறைப் பிரதியாக எண்ணவில்லை. மெய்ப்பாட்டியலை முடிக்கிற இடத்தில் தொல்காப்பியரும் கண்ணுக்குப் பக்கத்திலேயே செவிக்கும் ஆசனம் போட்டிருக்கிறார். ஆனால் சாஸ்திரத்தைக் காட்டி வாயை அடைப்பது சுலபமான காரியம். நாம் ஓர் அலமாரியைக் காட்ட விரும்புகிறோம்.

அமெரிக்காவில், 1935இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் என்.பி.சி. வானொலியில் நடந்த ‘ஃபிபர் மகீ அண்ட் மாலி’ என்ற தொடரில், ஜிம் ஜோர்டனும் அவர் மனைவி மரியனும் நடித்த அந்தத் தம்பதியின் வீட்டில், 1940 மார்ச் மாதம் முதன்முதலாகத் திறக்கப்பட்டது அந்த அலமாரி. எதையோ தேடிக் கணவன் அதனருகே போவான், திறக்காதே என்று மனைவி பதறுவாள், திறப்பான். உலகத்துத் தட்டுமுட்டுச் சாமான் முழுவதும் சரிந்து விழுகிற ஓசை, முடிந்தது என்று நாம் மூச்சுவிடும் நேரம் வரை நீண்டு ஓய்ந்தபின், ஒரே ஒரு சின்ன மணி கிணுங்கும். அந்த மணிதான் ஹாஸ்யம். மற்ற இரைச்சலெல்லாம் அதற்கு எழுதிய முகவுரை. இதை ஒரு நண்பர் வீட்டு ஒலிநாடாவில் நாம் கேட்டபோது, எந்த அமெரிக்க வீட்டிலும் இருக்க நியாயமில்லாத நம் பாட்டியின் பித்தளை அண்டாவும், கம்பி போன குடையும், கால் உடைந்த முக்காலியும் அதிலிருந்து உருண்டு வந்ததைப் பிரத்தியட்சமாகக் கண்டோம். இந்த நிலையில் நம்மைக் குருடர்கள் என்று சொல்பவர் யார்?

1959 செப்டம்பரில் அதே தொடர் வேறு நடிகர்களைக் கொண்டு தொலைக்காட்சிக்குப் போயிற்று. 1960 ஜனவரியோடு முடிந்தும் போயிற்று. காமிராவின் முன் அலமாரியைத் திறந்தால், அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பானவர் காலையில் அடுக்கிவைத்தவைதாம் விழும், எண்ணிச் சொல்லிவிடலாம். பழைய தம்பதி இல்லாதது தோல்விக்குக் காரணம் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். நாம் பழியை அலமாரியின் மேல்தான் போடுவோம்.

லண்டனிலும் இப்படி ஒன்று நடந்தது. பி.பி.சி. வானொலியில் 1978இல் ஒலிபரப்பான டக்ளஸ் ஆடம்ஸின் அண்டவெளி ஹாஸ்யத்தில் ஒரு பாத்திரத்துக்கு இரண்டு தலை. போகிறபோக்கில் சொல்லப்பட்டு, கேட்டவர் சிரித்துவிட்டு மேலே போன சங்கதி. 1981இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது, அந்த ஒரு வாக்கியத்துக்காக யந்திரத் தலை ஒன்றைச் செய்து நடிகரின் தோளில் பொருத்தினார்கள். அது பெரும்பாலும் ஜீவனில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதே தொடரில், கதையில் வரும் அண்டவெளி வழிகாட்டி நூலின் பக்கங்கள் கம்ப்யூட்டர் திரைபோலத் தோன்றும்படி கையாலேயே வரையப்பட்ட படங்கள் அற்புதமாக அமைந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குரல் சொன்னதைத் திருப்பிக் காட்டாமல், குரல் சொல்லாத வேடிக்கைகளை அவை ஓரத்தில் செய்துகொண்டிருந்தன.

பிரிட்டிஷ் ஹாஸ்ய நடிகர் டோனி ஹான்காக்கை என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1954இல் வானொலியில் பிறந்து 1956இல் தொலைக்காட்சிக்கு வந்த அவருடைய தொடர் அங்கும் வென்றது மெய்தான். ஆனால் அதன் ஆசிரியர்களான கால்டனும் சிம்ப்ஸனும் வானொலிக்கு எழுதியதற்குத் திரையில் கண் வைக்கவில்லை. அந்தத் தொங்கிய முகத்தைக் காமிரா நெருங்கிப் பார்க்கும் என்று தெரிந்து, அந்த முகத்துக்கென்றே புதிதாக எழுதினார்கள். அதைத் தழுவல் என்பதைவிட மறுபிறவி என்பது பொருந்தும்.

ஜெர்மன் விமர்சகர் லெஸ்ஸிங்கைப் படித்து, கலைகளின் எல்லைக்கோட்டுக்காக இரவெல்லாம் சண்டையிட்ட ஒரு தலைமுறை நம்மிடையே இருந்தது. இன்றோ, நாவலுக்குக் கிடைக்கும் உச்ச பட்ச மரியாதை அது படமாகிறது என்ற செய்தி. கவிதைக்குக் கிடைப்பது அதற்கு மெட்டுப் போட்டாயிற்று என்ற செய்தி. உயிர்நூலார் பரிணாம வாதத்தை எவ்வளவோ ஜாக்கிரதையாகக் கையாளுகிறார்கள். நம் விமர்சகர்களோ அதை மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஒவ்வொரு கலையையும் அடுத்த கலைக்குப் போட்ட கச்சாக் குறிப்பாக்கிவிட்டார்கள். பரிசுக் குழுக்களிலும் அவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை இங்கே பிரஸ்தாபிக்க வேண்டாம் என்றிருந்தோம்.

கோடியக்கரைப் பக்கத்தில் வளர்ந்த நமக்கு, கடல் தாண்டி மங்கியும் தெளிந்தும் வந்த இலங்கை வானொலியே முதல் நாடக அரங்கு. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடரை எழுதிய எஸ். ராம்தாஸே அதில் மரைக்காராகவும் பேசினார். மரைக்காருக்கு ஒரு தமிழ், ஐயருக்கு ஒரு தமிழ், அப்புக்குட்டிக்கு ஒரு தமிழ், சிங்களம் கலந்து பேசும் உபாலிக்கு ஒரு தமிழ் என்று, ஆளை அடையாளம் காண முகமே தேவைப்படாத நாடகம் அது. மரைக்காருக்குத் தாடி உண்டா, மீசை மட்டுந்தானா என்று எங்கள் வீட்டில் நடந்த தர்க்கத்தில் அத்தை தாடிக் கட்சி. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாயிற்று. அதை யாழ்ப்பாணத்தில் பார்த்துவிட்டுக் கப்பலேறி வந்த உறவினர் ஒருவர், திண்ணையில் உட்கார்ந்து, மரைக்கார் எப்படி இருப்பார் தெரியுமா என்று ஆரம்பித்தார். அத்தை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.