மதிப்பெண் கேட்காத நீலம்



பள்ளி விடுமுறையில், ஜுருவில் மாணவர்களுக்கு இரண்டு நாள் நீலச்சாயக் கலைமுகாம் நடத்தலாம் என்றேன். "சார், இதனால் தேர்வுக்கு என்ன பயன்?" என்று ஒரு தந்தை கேட்டார். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது; நம் அளவுகோல்தான் இன்னும் மாறவில்லை.

அவருக்கு நான் அளித்த விடை இது. இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளில் ஓர் இலையை வைத்து, வெயிலில் காட்டி, நீரில் அலசினால், நீலத்தின் நடுவே இலையின் வெண்ணிற உருவம் தோன்றும். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இச்சூரிய அச்சு, அறிவியல் பாடம். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது என்பதே பாத்தேக்கின் நுட்பம். அதனை ஓவியக் கலையாக வளர்த்த சுவா தியன் தெங், பினாங்கில் வாழ்ந்தவர்.

பாலத்தைக் கடந்தால், ஜார்ஜ்டவுன் லீத் தெருவில் நீல மாளிகை நிற்கிறது. அதன் சுண்ணாம்புப் பூச்சில் கலந்தது, இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த அவுரி நீலம். அந்த அவுரியைக் கட்டாயத்தின் பேரில் பயிரிட்ட வங்க உழவர்கள் 1859இல் கிளர்ந்தெழுந்தனர். பால்மரம் சீவியோரின் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வரலாறு அந்நியமன்று.

தொடங்குவதற்குப் பெரிய செலவும் வேண்டா. வேலியோரச் சங்குப்பூவை வெந்நீரில் இட்டால் நீலம்; எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா. அச்சாயம் துணியில் நிலைக்காது என்பதையும் பிள்ளைகள் தாமே கண்டறியட்டும்.

கலைக்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்குக் கடன் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் கொடுத்தவன்தான். அக்கடன் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. இனிக் கொடுப்பதற்கில்லை.

சிந்திப்போம்.