பயிற்சி யாருக்கு? லாபம் யாருக்கு?

அறுந்த இழையைப் பிணைக்க ஒரு பெண் எத்தனை நாளில் கற்றுக்கொள்வாள்? ரிங் பிரேமில் நின்ற தொழிலாளியைக் கேளுங்கள். சில மாதங்கள் போதும் என்பார். ஆலை முதலாளிகளோ மூன்று ஆண்டு வேண்டும் என்றார்கள்!

2000-ஆம் ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டார நூற்பாலைகளில் பரவிய 'சுமங்கலித் திட்ட'த்தின் சூட்சுமம் இதுதான். நிலமற்ற விவசாயக் கூலிகளின் பெண்மக்களை ஏஜெண்டுகள் திரட்டி வந்தனர். மில் விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்திற்கு மொத்தப் பணம் தருவதாகச் சொன்னார்கள். அது முதலாளி கொடுத்த சீதனமா? இல்லை, அவள் கூலியிலேயே பிடித்து வைத்த பணம்! நோயுற்று நடுவில் வீடு திரும்பியவர்களில் பலர் அதையும் இழந்தனர்.

1961-ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டம், பயிற்சியாளர் தொழிலாளி அல்ல என்கிறது. அதே 1961-இல்தான் வரதட்சணைத் தடைச் சட்டமும் வந்தது. ஒன்றைப் போர்வையாக்கி, மற்றது தடுத்த வரதட்சணையையே தூண்டிலாக்கினர்!

இளைஞர் தொழில் கற்பதை நாம் வரவேற்கிறோம். பயிற்சியின் பெயரால் உழைப்பைத் திருடுவதையே எதிர்க்கிறோம். கற்கும் காலத்திற்கு வரம்பு வேண்டும். முழு வேலைக்கு முழுக் கூலி வேண்டும். விடுதிக் கதவு திறக்க வேண்டும். சங்கம் சேரும் உரிமை வேண்டும்.

விவசாயத் தோழர்களே! ஏஜெண்டு வாசலுக்கு வந்தால், நாள் கூலி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். மில் தோழர்களே! பக்கத்து பிரேமில் நிற்கும் பயிற்சிப் பெண்ணைச் சங்கத்திற்கு அழையுங்கள். 1946 ஜனவரி 8-இல் தூக்குமேடை ஏறிய சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரின் மண் இது. அவளைத் தனியே விடலாகாது!